உழைப்பாளர் சிலையை வடித்த பெருங்கலைஞர்

சென்னைக்குச் சுற்றுலா சென்று வந்தவர்களில் மெரினா கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலையைக் காணாதவர் வெகு சிலரே. பெரும்பாறை ஒன்றை நான்கு ஆடவர் நகர்த்த முயல்கின்றனர். இடுப்பிலே சிறு துணி, முதுகு வளைந்திருக்கிறது, தோளும் தொடையும் முறுக்கேறியுள்ளன. அச்சிலைக்கு வழங்கும் ஆங்கிலப் பெயருக்கு உழைப்பின் வெற்றி என்பது பொருள். ஆனால் சற்றே உற்று நோக்கினால் நமக்கு ஓர் ஐயம் எழும். பாறை இன்னும் இருந்த இடத்திலேயே இருக்கிறதே! அப்படியானால் வெற்றி எங்கே? இவ்வினாவுக்கு விடை காண, அதை வடித்த சிற்பியின் வாழ்வையே நாம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

அச்சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி ஆவார். 1899-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள், இன்று வங்காள தேசத்திலுள்ள ரங்கப்பூர்ப் பகுதியைச் சேர்ந்த தாஜ்ஹாட் என்னும் ஊரில், ஜமீன் குடும்பத்தில் பிறந்தார். வசதியாக வாழ்ந்திருக்கக் கூடியவர், தூரிகையைக் கையில் எடுத்தார். மகாகவி இரவீந்திரநாத் தாகூரின் உறவினரும் பெரும் ஓவியருமான அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் கற்றார். ஐரோப்பிய முறை ஓவியத்தை இத்தாலிய ஓவியர் ஒருவரிடமும், சிற்பக்கலையை ஹிரண்மய் ராய் சௌத்ரி என்பவரிடமும் பயின்றார். மென்மையான நீர்வண்ண ஓவியத்தில் தொடங்கிய அவரது கை, நாளடைவில் களிமண்ணையும் வெண்கலத்தையும் நாடியது.

அவர் ஓவியரும் சிற்பியும் மட்டும் அல்லர். மல்யுத்தம் பழகியவர், புல்லாங்குழல் வாசிப்பவர், வேட்டையாடுபவர், வங்க மொழியில் கதைகள் எழுதியவர். மனித உடல் ஒரு சுமையை எதிர்த்து நிற்கும்போது எந்தத் தசை எங்கே திரளும் என்பதை நூலில் படித்து அறிவோர் உண்டு. மற்போர்க் களத்தில் நின்றவருக்கு அது தம் உடம்பாலேயே தெரியுமன்றோ!

1929-ஆம் ஆண்டு அவர் சென்னைக் கலைப்பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. அதன் தலைமைக்கு வந்த முதல் இந்தியர் இவரே. 1957 வரை அங்கே பணியாற்றினார். வங்கத்திலிருந்து வந்தவர் நம் தமிழகத்தையே தம் பணிக்களமாக்கிக் கொண்டார்.

அவரிடம் பயின்ற மாணவர்கள் எவ்வாறு கற்றனர்? பழைய படங்களைப் பார்த்து அப்படியே வரைவதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. உயிருள்ள மனிதரை எதிரே நிறுத்தி, பார்த்துப் பார்த்து வரைந்தனர். பள்ளிச் சுவருக்கு வெளியே சென்று கண்ணெதிரே தெரியும் வாழ்வைத் தீட்டினர். கண்ணால் காண்பது முதற்படி. கண்டதன் பொருளை உணர்வது அடுத்த படி. உணர்ந்ததைக் கையால் உருவாக்குவது அதற்கும் அடுத்த படி. ஆசிரியரைப் போலவே எல்லாரும் செய்தாக வேண்டும் என்னும் கட்டாயம் இருந்திருந்தால் அவரது மாணவர்கள் நிழல்களாகவே நின்றிருப்பர். ஆனால் அவரிடம் பயின்ற கே.சி.எஸ். பணிக்கர் தமக்கென ஒரு புது வழி கண்டு, 1966-இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் என்னும் கலைஞர் கிராமம் தோன்றக் காரணமானார். ஓவியம் பயில வந்த மயிலாப்பூர் தனபால் தமிழகத்தின் தலைசிறந்த சிற்பிகளுள் ஒருவரானார். இருவரும் பின்னாளில் அக்கல்லூரியின் முதல்வர்களாகவும் விளங்கினர்.

இனி அந்தச் சிலைக்கு வருவோம். கல்லில் செதுக்குபவர் வேண்டாததை நீக்கிக்கொண்டே போவார். ராய் சௌத்ரியின் முறையோ வேறு. கம்பிக் கூட்டின் மேல் களிமண்ணை அப்பி அப்பி, சேர்த்துக்கொண்டே போவது அது. களிமண் உருவம் நிறைவு பெற்றதும் அதற்கு அச்சு எடுத்து, உருக்கிய வெண்கலத்தை வார்ப்பார்கள். பல மாத உழைப்பு அது. கலைக்கல்லூரியின் இரவுக் காவலர் ஒருவரும், மாணவர் ஒருவரும் இச்சிலைக்கு மாதிரியாக நின்றார்கள் என்பர். அரசரோ ஆளுநரோ அல்லர்; அன்றாடம் கல்லூரி வாயிலில் நின்ற ஏழைக் காவலர்! சென்னையில் அதற்கு முன் வெண்கலத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் குதிரையேறிய ஆட்சியாளர்களும் பதவியில் இருந்தவர்களுமே. அந்த மதிப்பைப் பெயரறியாத நான்கு தொழிலாளருக்கு அளித்தார் இக்கலைஞர். 1959-ஆம் ஆண்டு குடியரசு தினத்திற்கு முதல் நாள் சிலை நிறுவப்பட்டது. 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடியதும் சென்னைக் கடற்கரையில்தான் என்பது எவ்வளவு பொருத்தம்! அதே மே முதல் நாளைத்தான் 1955-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக அறிவித்தார்.

தருமபுரி மாவட்டத்தாராகிய நமக்கு இச்சிலை அயலானதன்று. நம் மாவட்டமே பாறையும் குன்றும் நிறைந்தது. கிணறு வெட்டுமிடத்திலும் கல் உடைக்குமிடத்திலும் கடப்பாரையும் சம்மட்டியும் பிடித்த கைகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். நம் முன்னோர் ஊரின் ஆநிரையை மீட்கப் போராடி மடிந்த வீரர்க்கு நடுகல் நட்டனர். அத்தகைய நடுகற்களைத் தருமபுரியிலுள்ள அகழ்வைப்பகத்தில் இன்றும் காணலாம். சாதாரண மனிதனின் தியாகமும் கல்லில் நிற்கத் தக்கது என்பதை நம் மண் என்றோ அறிந்திருந்தது.

ஆயினும் ஒரு குறையை நாம் சொல்லத்தான் வேண்டும். அந்நால்வரில் பெண் எவருமில்லை. நம் ஊரிலோ சும்மாடு வைத்துக் கல் சுமக்கும் தாய்மார் எத்தனை பேர்! அவர்களை வெண்கலத்தில் வடிக்கும் கை, நம்மைப் போல் இன்று சித்திரம் பழகும் மாணவி ஒருத்தியின் கையாக இருக்கலாகாதா? ஓவிய வகுப்பைப் பொழுதுபோக்கு என எண்ணும் பெரியோர்கள் இதைச் சிந்திப்பார்களாக.

இப்போது நம் முதல் வினாவுக்கு விடை காண்போம். ராய் சௌத்ரியின் மற்றச் சிலைகளையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 1942 ஆகஸ்டு 11 அன்று பாட்னா தலைமைச் செயலகத்தில் தேசியக் கொடியேற்றச் சென்று, துப்பாக்கிச் சூட்டில் ஏழு மாணவர்கள் உயிர் நீத்தனர். அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற பள்ளி மாணவர்கள். 1956-இல் நிறுவப்பட்ட அவர்களது நினைவுச் சின்னத்தில் சிலர் சாய்கின்றனர். முன்னே நிற்பவர் கொடியோடு மேலும் செல்கிறார். கொடி இன்னும் ஏறவில்லை. மெரினாவில் 1959-இல் நிறுவப்பட்ட காந்தியடிகள் கைத்தடியோடு நடந்துகொண்டே இருக்கிறார். ஊர் இன்னும் வந்து சேரவில்லை. பாறையும் இன்னும் நகரவில்லை. முடிந்த வெற்றியை அவர் வடிக்கவில்லை. முயலும் கணத்தையே வடித்தார். நால்வரும் ஒரே பாறையில், ஒரே நோக்கோடு தம் முழு வலிமையையும் செலுத்தும் அக்கணமே வெற்றி. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நம் பாட்டிமார் சொல்வதும் இதைத்தானே!

1954-இல் லலித் கலா அகாதமியின் முதல் தலைவராகவும், 1958-இல் பத்மபூஷண் விருது பெற்றவராகவும் விளங்கிய அவர், இறுதிக் காலத்தில் தண்டி யாத்திரையைச் சித்திரிக்கும் பதினொரு உருவங்களைப் படைத்துக் கொண்டிருந்தார். அப்பணி முடியுமுன்பே 1975 அக்டோபர் 15-ஆம் நாள் மறைந்தார். பின்னர்ப் பிறர் கைகள் அதை முடிக்க, அது டெல்லியில் நிறுவப்பட்டது. 2016-இல் செல்லாததாக்கப்பட்ட பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டின் பின்புறத்தை அலங்கரித்தது அச்சிற்பமே.

அவர் விட்டுச் சென்ற பணியைப் பிறர் தொடர்ந்தனர். படிப்பிலோ, கலையிலோ, இல்லத்திலோ நம் எதிரே நிற்கும் பாறை இன்று நகராவிடினும் நாம் கையை எடுத்துவிடலாகாது. சேர்ந்து நெம்புவோம், வெற்றி நமதே!