கோழிக்குப் போட்ட சோறு

மந்தின் தோட்டத்து லயன் வீட்டில் என் பாட்டி புழுங்கல் அரிசிதான் பொங்குவார். எனக்கு அந்த வாடையே பிடிக்காது. கடையில் பார்க்கும் வெள்ளை வெளேரென்ற அரிசியின் மேல்தான் ஆசை. பாட்டியின் சோற்றை நான் மதிக்கத் தொடங்கியது, கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவரின் வாழ்க்கையைப் படித்த பிறகுதான்.

1858இல் நெதர்லாந்தில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார் எய்க்மான். இராணுவ மருத்துவராகி, 1883இல் இன்றைய இந்தோனேசியாவுக்கு வந்தார். இரண்டே ஆண்டுகளில் மலேரியா அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பியது. அவர் சோர்ந்துவிடவில்லை. பெர்லினில் ராபர்ட் கோக்கிடம் கிருமி ஆராய்ச்சி கற்றுக்கொண்டு, 1886இல் மீண்டும் ஜகார்த்தா வந்தார். அப்போது அந்நகரின் பெயர் பத்தாவியா.

அங்கே பெரிபெரி நோய் மனிதர்களை வாரிக்கொண்டு போனது. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், கடைசியில் இதயம் ஓய்ந்துவிடும். காரணம் கிருமிதான் என்று எல்லாரும் நம்பினார்கள். எய்க்மானும் அதையே தேடினார். கிடைக்கவில்லை.

ஒருநாள் ஆய்வுக்கூடக் கோழிகள் கால் தள்ளாடி விழுந்தன. சில மாதங்களில் தாமாகவே தேறின. ஏன் என்று விசாரித்தார். மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கொஞ்ச காலம் கோழிகளுக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர் அதை நிறுத்திவிட்டார். அதன்பின் தீட்டாத அரிசி தின்ற கோழிகள் பிழைத்துக்கொண்டன. எய்க்மான் சோதித்துப் பார்த்தார். வெள்ளை அரிசி கொடுத்தால் நோய் வந்தது. தவிடு கொடுத்தால் போனது.

அரிசியில் நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்று அவர் எண்ணினார். அது தவறு. உணவில் ஏதோ ஒன்று குறைவதே நோய்க்குக் காரணம் என்று 1901இல் விளக்கியவர், அவருக்குப் பின் அப்பணியைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ். அந்த ஒன்றுதான் நாம் இன்று அறியும் வைட்டமின் பி1.

இந்தக் கதையின் அடுத்த பகுதி நம் நெகிரி செம்பிலானில் நடந்தது. இங்கே மருத்துவராக இருந்த பிராடன், பெரிபெரி சீனத் தொழிலாளர்களைத் தாக்குவதையும் தமிழர்களை அவ்வளவாக அண்டாததையும் கவனித்தார். தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் ஜெலுபுவில் சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி, மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசி உண்டவர்களுக்கே நோய் கண்டது. 1909இல் முடிவு வெளியானது.

நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது மேலுறையில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஆலையில் தீட்டினாலும் அது முழுவதும் போகாது. பாட்டிக்கு வைட்டமின் என்ற சொல்லே தெரியாது. ஆனால் அவர் பானையில் அது இருந்தது.

எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. உடல்நலக் குறைவால் அதை நேரில் பெற முடியவில்லை. மறு ஆண்டு காலமானார்.

மாணவர்களே, இன்றைய மருத்துவத்தில் மரபணுவைப் படிக்கும் கருவிகளும் கணினிகளும் வந்துவிட்டன. அவை நாம் கேட்கும் கேள்விக்குத்தான் விடை தரும். கோழிகள் ஏன் தேறின என்று கேட்க, அன்றும் இன்றும் ஒரு மனிதர் வேண்டும்.