மந்திரி சபையா, கட்சியா? எது பெரியது?
காமராஜர் வாழ்க்கையில் எழுந்த பெரும் கேள்வி

சென்னை சென்டிரலில் இருந்து திருவள்ளூர் போகும் ரெயிலில் ஏறினால், அம்பத்தூரைத் தாண்டிச் சற்று நேரத்தில் ஆவடி வரும். இங்கே "சத்தியமூர்த்தி நகர்" என்று ஒரு பகுதி உண்டு. 1955-ம் ஆண்டு ஜனவரி மாதம் காங்கிரஸ் மகாசபை கூடிய இடத்துக்குச் சூட்டப்பட்ட பெயர் இது.

அந்த மாநாட்டுக்குத் தலைவர் யு.என். தேபர். பிரதம மந்திரி நேரு வந்திருந்தார். விருந்தினரை வரவேற்கும் பொறுப்பு சென்னை ராஜ்யத்தின் முதல்-மந்திரி காமராஜருக்கு. தம்முடைய அரசியல் ஆசானாகிய தீரர் சத்தியமூர்த்தியின் பெயரால் அமைந்த நகரில், அகில இந்தியத் தலைவர்களை அவர் வரவேற்றார்.

சோஷலிச மாதிரியான சமுதாயம் அமைப்பதே காங்கிரசின் லட்சியம் என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. ஆனால், ஒரு மாதம் முன்பே, 1954 டிசம்பரில், டில்லி பாராளுமன்றம் இதே லட்சியத்தை ஏற்றுக்கொண்டு விட்டது!

அப்படியானால் கட்சிக்கு வழி காட்டுவது யார்? கட்சித் தலைவரா? சட்டசபையிலும் பாராளுமன்றத்திலும் உட்கார்ந்திருப்பவர்களா? இந்தக் கேள்வி காமராஜரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

மூன்று ஓட்டில் வெற்றி

காமராஜர் விருதுநகரில் 1903-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி பிறந்தார். தந்தை குமாரசாமி நாடார். தாயார் சிவகாமி அம்மாள். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். படிப்பு பாதியில் நின்றது. 1930-ல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். அவர் சிறையில் கழித்த காலம் மொத்தம் 8 ஆண்டுகளுக்கு மேல்.

1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் தேர்தல் நடந்தது. ராஜாஜியின் ஆதரவு பெற்ற சி.பி. சுப்பையாவை எதிர்த்துக் காமராஜர் நின்றார். மூன்றே ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். தலைவராக இருந்த சத்தியமூர்த்தி, தம் சீடரின் கீழ் காரியதரிசியாகப் பணியாற்ற முன்வந்தார்.

மந்திரிகளை மாற்றிய தலைவர்

1946-ல் பிரகாசம் சென்னையின் பிரதமர் ஆனார். 1947-ல் அவர் போய், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் வந்தார். 1949-ல் அவரும் போய், குமாரசாமி ராஜா வந்தார். இந்த மாற்றங்களில் எல்லாம் காமராஜரின் கை இருந்தது. அவரோ மந்திரி பதவியை நாடவில்லை. கட்சித் தலைவர் என்ற ஒரே பலத்தில் நின்றார்.

இதில் நன்மையும் இருந்தது, தீமையும் இருந்தது. ஓமந்தூரார் நேர்மைக்குப் பெயர் போனவர். கட்சிக்காரர்களின் சிபாரிசுக்கு மசியாதவர். அப்படிப்பட்டவரையும் கட்சி இறக்கிவிட்டது. கட்சியின் கை ஓங்கினால், நல்லவரும் வீட்டுக்குப் போக நேரும் என்பதற்கு இது அத்தாட்சி.

டில்லியிலும் இதே போராட்டம்தான். சர்க்கார் தம்மைக் கலந்து கொள்வதில்லை என்று 1947-ல் கட்சித் தலைவர் கிருபளானி ராஜினாமா செய்தார். 1950-ல் தலைவரான தாண்டனுக்கும் நேருவுக்கும் ஒத்துப் போகவில்லை. மறு ஆண்டு தாண்டன் விலகினார். நேருவே கட்சித் தலைவராகவும் ஆனார். ஆவடியில்தான் அந்தப் பொறுப்பு தேபரிடம் வந்தது.

முதல்-மந்திரி காமராஜர்

1952 தேர்தலில் சென்னை ராஜ்யத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ராஜாஜி அழைத்து வரப்பட்டார். அவர் மந்திரி சபை அமைத்தார். 1953-ல் அவர் புதிய ஆரம்பக் கல்வித் திட்டத்தைக் கொண்டு வந்தார். கட்சியைக் கேட்காமல் வந்த திட்டம் அது. குலக்கல்வி என்று கண்டனம் எழுந்தது. காங்கிரசுக்கு உள்ளேயே எதிர்ப்பு பெருகியது. ராஜாஜி விலகினார்.

சட்டசபைக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராஜருக்கு 93 ஓட்டுகள். எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்துக்கு 41 ஓட்டுகள். 1954 ஏப்ரல் 13-ந் தேதி காமராஜர் முதல்-மந்திரி ஆனார். மந்திரிகள் 8 பேர்தான். தோற்ற சுப்பிரமணியமும் அந்த எட்டுப் பேரில் ஒருவர்! கல்வித் திட்டம் கைவிடப்பட்டது.

மந்திரிகளை மாற்றி வந்தவர் இப்போது தாமே மந்திரி. 9 ஆண்டுகளில் பள்ளிக்கூடங்கள் பெருகின. ஏழைக் குழந்தைகளுக்கு மதிய உணவு கிடைத்தது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை எழுந்தது. 1965-ல் முதல் "விஜயந்தா" டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. அம்பத்தூர் வயல்வெளியில் தொழிற்பேட்டை வந்தது.

பதவியைத் துறந்தார்

1963-ல் காங்கிரசுக்கு அடிமேல் அடி விழுந்தது. வடக்கே மூன்று பாராளுமன்ற இடைத்தேர்தல்களில் தோல்வி. இங்கே திருவண்ணாமலை இடைத்தேர்தலில் தி.மு.க. வென்றது. பதவி ஆசையால் கட்சி தேய்கிறது என்று காமராஜர் கண்டார். மூத்த மந்திரிகள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று யோசனை கூறினார். அதுவே "காமராஜ் திட்டம்".

அகில இந்திய காங்கிரஸ் ஆகஸ்டில் அதை ஏற்றது. மத்திய மந்திரிகள் 6 பேரும், முதல்-மந்திரிகள் 6 பேரும் விலகினர். அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜெயந்தி அன்று, காமராஜர் தம் நாற்காலியை விட்டு எழுந்தார். 1964 ஜனவரியில் புவனேசுவரம் மாநாட்டில் அகில இந்தியத் தலைவர் ஆனார்.

அந்த ஆண்டு மே 27-ந் தேதி நேரு மறைந்தார். காமராஜர் எம்.பி.க்களின் மனதை ஒவ்வொருவராக அறிந்தார். போட்டி இல்லாமல் லால்பகதூர் சாஸ்திரி தேர்வு ஆனார். 1966-ல் சாஸ்திரியும் மறைந்தார். இம்முறை மொரார்ஜி தேசாய் போட்டியை விடவில்லை. இந்திரா காந்திக்கு 355 ஓட்டுகள், மொரார்ஜிக்கு 169. கட்சித் தலைவர் வழி வகுத்தார். ஓட்டுப் போட்டது பாராளுமன்றக் கட்சி.

வளர்ந்த பிளவு

ஆறு மாதம் ஆகவில்லை. ஜூன் 6-ந் தேதி ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. அது காமராஜருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் முடிவு பிரதம மந்திரியின் கையில் இருந்தது.

1967-ல் விருதுநகரிலேயே காமராஜர் தோற்றார். வென்றவர் ஒரு மாணவர் தலைவர். வித்தியாசம் 1,285 ஓட்டுகள். தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. 1969 தொடக்கத்தில் நாகர்கோவில் இடைத்தேர்தல் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது.

அதே ஆண்டு வந்தது பெரும் புயல். ஜனாதிபதி தேர்தலுக்குக் கட்சியின் தலைமை சஞ்சீவ ரெட்டியை நிறுத்தியது. பிரதம மந்திரியோ, மனச்சாட்சிப்படி ஓட்டுப் போடலாம் என்றார். சுயேச்சையாக நின்ற வி.வி. கிரி வென்றார். ஜூலையில் 14 வங்கிகள் தேசியமயம் ஆகியிருந்தன. ஆவடித் தீர்மானத்தின் வழியில் வந்த நடவடிக்கைதான். ஆனால் அதை அவசரச் சட்டமாகக் கொண்டு வந்தது சர்க்கார்.

நவம்பரில் கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா தரப்பு இந்திரா காந்தியைக் கட்சியில் இருந்து நீக்கியது. எம்.பி.க்களில் பெரும்பாலோர் அவர் பின்னால் நின்றனர். காங்கிரஸ் இரண்டானது. காமராஜர் ஸ்தாபன காங்கிரசில் நின்றார். 1971 தேர்தலில் இந்திரா காங்கிரசுக்கு 352 இடங்கள். ஸ்தாபன காங்கிரசுக்கு 16. அந்தப் பதினாறில் ஒன்று காமராஜரின் நாகர்கோவில்.

வாடகை வீட்டில் முடிவு

1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. கட்சியும் பாராளுமன்றமும் ஒரே கைக்குள் அடங்கின. அக்டோபர் 2-ந் தேதி, பதவியைத் துறந்த அதே காந்தி ஜெயந்தி நாளில், தியாகராய நகர் வாடகை வீட்டில் காமராஜரின் உயிர் பிரிந்தது. சொந்த வீடு இல்லை. சொத்து இல்லை. 1976-ல் "பாரத ரத்னா" விருது அவருக்கு வழங்கப்பட்டது.

கட்சித் தலைவராக இருந்தபோது மந்திரிகளைத் தட்டிக் கேட்டார். முதல்-மந்திரியாக இருந்தபோது கட்சிக்காரன் சொல்லுக்குக் காது கொடுத்தார். இரண்டையும் ஒரே மனிதர் செய்ய முடிந்ததற்குக் காரணம், எந்த நாற்காலியையும் அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. நாற்காலியை விட மனம் இல்லாதவர் கையில் கட்சி இருந்தாலும் ஒன்றுதான். மந்திரி சபை இருந்தாலும் ஒன்றுதான்.