யார் இந்த மெக்பெர்சன்? கைவிடப்பட்ட காரிலிருந்து உங்கள் கார் வரை வந்த ‘ஸ்ட்ரட்’டின் கதை

பழைய கார் ஒன்றை வாங்கி, முன்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, உயரத்தை நினைத்தபடி ஏற்றி இறக்கக்கூடிய ‘காயில்ஓவர்’ சஸ்பென்ஷன் போட வேண்டும் என்பது பல கார் பிரியர்களின் ஆசை. வீடியோக்களைப் பார்த்தால், கிட் கையில் வந்ததும் ஒரு சனி, ஞாயிறில் வேலை முடிந்துவிடும் போலத்தான் தெரியும். ஆனால், அப்போது கழற்றப்படும் பாகத்துக்கு ஒரு மனிதரின் பெயர் இருக்கு: மெக்பெர்சன் ஸ்ட்ரட். அந்த மனிதர் யார், ஏன் அதை அப்படி வடிவமைத்தார் என்று தெரிந்துகொண்டால், அதில் எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதும் புரிந்துவிடும்.

டெட்ராய்ட்டுக்கு வந்த இளைஞர்

எர்ல் ஸ்டீல் மெக்பெர்சன் 1891 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள ஹைலண்ட் பார்க்கில் பிறந்தார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து 1915-ல் பட்டம் வாங்கினார். அன்றைக்குப் பொறியியல் படித்தவருக்கு டெட்ராய்ட் எப்படி இருந்திருக்கும்? நம்ம ஊரில் ஐடி அலை அடித்தபோது பெங்களூரு இருந்த மாதிரி. அங்கே சால்மர்ஸ் என்ற கார் நிறுவனத்தில் சேர்ந்தார். முதல் உலகப் போர் வந்ததும் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, ஐரோப்பாவில் விமான இன்ஜின்கள் தொடர்பான பணியில் இருந்தார்.

போர் முடிந்து திரும்பியவர் லிபர்ட்டி கார் நிறுவனத்திலும், பிறகு ஹப்மொபைல் கார்களைத் தயாரித்த நிறுவனத்திலும் வேலை பார்த்தார். இந்தப் பெயர்களெல்லாம் இன்று கார் அருங்காட்சியகங்களில்தான் இருக்கின்றன. 1934-ல் ஜெனரல் மோட்டார்ஸில் (ஜிஎம்) சேர்ந்து, அதன் செவ்ரோலே பிரிவில் வடிவமைப்புப் பொறியாளராக உயர்ந்தார். ஐம்பது வயதைத் தாண்டும்வரை அவர் பெயர் வெளியுலகில் யாருக்கும் தெரியாது. உயர்ந்த பதவி, நல்ல அனுபவம் எல்லாம் இருந்தது. ஆனால், ‘இது அவருடையது’ என்று சொல்ல ஒரு பொருள் மட்டும் இல்லை.

ஆயிரம் டாலர் கார்

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் ஜிஎம் நிர்வாகத்துக்கு ஒரு பயம் வந்தது. முதல் போருக்குப் பிறகு பொருளாதாரம் சரிந்த மாதிரி இந்த முறையும் சரிந்தால், பெரிய கார்களை யார் வாங்குவார்கள்? அதனால், ஆயிரம் டாலருக்குள் விற்கக்கூடிய சின்ன கார் ஒன்றை செவ்ரோலே உருவாக்க வேண்டும் என்று 1945-ல் முடிவானது. ‘கேடட்’ என்று பெயர் வைக்கப்பட்ட அந்தத் திட்டத்துக்குத் தலைமைப் பொறியாளர் மெக்பெர்சன்.

எடை சுமார் 1,000 கிலோவுக்குள் இருக்க வேண்டும், நான்கு பேர் வசதியாக உட்கார வேண்டும், விலையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். ‘சின்ன கார்தானே, சுமாரான சஸ்பென்ஷன் போதும்’ என்று விட்டுவிடவும் மெக்பெர்சனுக்கு மனம் இல்லை. நான்கு சக்கரங்களும் ஒன்றை ஒன்று பாதிக்காமல் தனித்தனியாக ஏறி இறங்கும் ‘இண்டிபெண்டன்ட்’ சஸ்பென்ஷன் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அன்றைக்கு அது செலவு பிடிக்கும் சமாச்சாரம். மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம், நடுவில் ஸ்பிரிங், தனியாக ஒரு ஷாக் அப்சார்பர் என்று பாகங்கள் கூடிக்கொண்டே போகும்.

அவர் கேட்ட கேள்வி இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்: எப்படியும் ஷாக் அப்சார்பர் என்ற ஒரு குழாய் அங்கே இருக்கிறதே, மேல் ஆர்மின் வேலையையும் அதுவே செய்தால் என்ன?

அந்தக் குழாய் என்ன செய்கிறது?

மெக்பெர்சன் ஸ்ட்ரட்டில் கீழே மட்டும்தான் ஆர்ம். சக்கரத்தைத் தாங்கும் பாகம் ஷாக் அப்சார்பர் குழாயோடு இறுக்கமாகப் பிணைக்கப்பட்டிருக்கும். குழாயின் மேல்முனை நேராக பாடியின் உச்சியில், பானெட்டைத் திறந்தால் இரண்டு ஓரங்களிலும் தெரியுமே, அந்த ‘ஸ்ட்ரட் டவர்’ பகுதியில் போய் உட்காரும். காயில் ஸ்பிரிங் அதே குழாயைச் சுற்றியே இருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் மொத்த ஸ்ட்ரட்டும் சேர்ந்து திரும்பும். மூன்று, நான்கு பாகங்களின் வேலையை ஒன்றே பார்க்கும் ஏற்பாடு இது.

மேலும் கீழுமாக இரண்டு பிடிமானங்களும் நன்றாகத் தள்ளித் தள்ளி இருப்பதால், பாடியில் விழும் விசையும் குறைவு. கையை நீட்டி ஒரு கம்பை இரு முனைகளில் பிடிப்பதற்கும், நடுவில் கிட்டக் கிட்டப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

இதற்கு விலையும் உண்டு. சாதாரண ஷாக் அப்சார்பர் மேலும் கீழும் போனால் போதும். ஸ்ட்ரட்டோ பக்கவாட்டு விசையையும் தாங்க வேண்டும். சக்கரம் குழாயை விட்டு வெளியே தள்ளி இருப்பதால், வண்டியின் எடை அந்தக் குழாயை எப்போதும் வளைக்கப் பார்க்கும். உள்ளே இருக்கும் தண்டு உராயும். சின்னச் சின்ன மேடுகளில் வண்டி மென்மையாக அசையாமல் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். இதைக் குறைக்கத்தான் பல கார்களில் ஸ்பிரிங்கைக் குழாய்க்குச் சரியாக நேர்கோட்டில் வைக்காமல், லேசாகச் சாய்த்து வைக்கிறார்கள். சாய்ந்திருப்பது கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம்.

முழுக்க முழுக்க அவர் மூளையில் மட்டும் உதித்ததா என்றால், இல்லை. 1920-களின் நடுவிலேயே ஃபியட்டின் குய்டோ ஃபோர்னாகா இதே திசையில் வடிவங்கள் வரைந்திருக்கிறார். மெக்பெர்சனின் பிற்காலக் காப்புரிமை ஆவணமே அதைக் குறிப்பிடுகிறது. விமானங்களின் இறங்கு சக்கரங்களிலும் நீளமான ஸ்ட்ரட்கள் புழக்கத்தில் இருந்தன. ஆனால், ஆலையில் மலிவாக, லட்சக்கணக்கில் செய்யக்கூடிய கார் பாகமாக அதைச் செதுக்கியவர் மெக்பெர்சன்தான்.

திட்டம் நின்றது, அவர் கிளம்பினார்

பயந்தபடி பொருளாதாரம் சரியவில்லை. போர்க் காலம் முழுக்க புது கார் வாங்க முடியாமல் இருந்த மக்கள், எந்த கார் கிடைத்தாலும் வாங்க வரிசையில் நின்றார்கள். பெரிய கார்களே சுடச்சுட விற்கும்போது லாபம் குறைந்த சின்ன கார் எதற்கு? எஃகுத் தட்டுப்பாடு வேறு. 1947-ல் கேடட் கைவிடப்பட்டது. ஒன்றுகூட விற்பனைக்கு வரவில்லை.

அதே ஆண்டு, மனக்கசப்போடு ஜிஎம்-ஐ விட்டு வெளியேறி, போட்டி நிறுவனமான ஃபோர்டில் சேர்ந்தார் மெக்பெர்சன். கார் வேலை மாறுகிற எவருக்கும் இந்த இடம் சுவாரசியமானது: கேடட்டுக்காக அவர் வரைந்த ஸ்ட்ரட்டின் காப்புரிமை, நிறுவனத்தின் சொத்து. 1947-ல் விண்ணப்பித்தது 1953-ல் அவர் பெயரிலேயே கிடைத்தது. ஆனால் உரிமை ஜிஎம்-முக்கு. ஃபோர்டுக்குப் போய் வடிவத்தைத் திருத்தி, 1949-ல் புதிதாக விண்ணப்பித்தார். அதுவும் 1953-லேயே கிடைத்தது. ஒரே மனிதர், ஏறக்குறைய ஒரே யோசனை, எதிரெதிர் நிறுவனங்களின் கையில் இரண்டு காப்புரிமைகள்!

அவருடைய ஸ்ட்ரட் முதலில் ஓடியது அமெரிக்கச் சாலையில் அல்ல. 1950 லண்டன் மோட்டார் ஷோவில் பிரிட்டிஷ் ஃபோர்டு காட்டிய கான்சல், அதன் பெரிய அண்ணனான ஸெஃபிர் ஆகிய கார்களில்தான். தனி சேஸிஸ் இல்லாமல் பாடியே எல்லாவற்றையும் தாங்கும் மோனோகாக் அமைப்பு அவற்றில் இருந்தது. உச்சியில் எடை இறங்கும் ஸ்ட்ரட்டுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. (முதல் கார் பிரெஞ்சு ஃபோர்டு வெடெட் என்று பல இடங்களில் படிக்கலாம். அது தவறு, முதல் வெடெட்டில் ஸ்ட்ரட் கிடையாது.)

1952-ல் ஃபோர்டின் பொறியியல் பிரிவுக்குத் துணைத் தலைவரானார். 1958-ல் ஓய்வு. 1960 ஜனவரி 26 அன்று, 68 வயதில் காலமானார். அமெரிக்காவில் தயாரான ஃபோர்டு கார்களில் அவருடைய ஸ்ட்ரட்டை அவர் பார்க்கவே இல்லை.

இறந்த பிறகு வந்த வெற்றி

அவர் மறைந்த பிறகுதான் இன்ஜினைக் குறுக்கே வைத்து முன்சக்கரங்களை ஓட்டும் சின்ன கார்களின் காலம் வந்தது. 1969-ல் ஃபியட் 128, 1974-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப். மேல் ஆர்ம் இல்லாததால் மிச்சமான இடத்தில் இன்ஜினும் கியர்பாக்ஸும் அழகாக உட்கார்ந்தன. 1983-ல் வந்த மாருதி 800-ன் முன்பக்கத்திலும் அதே ஸ்ட்ரட்தான். மறைமலைநகர் ஆலையில் தயாரான ஃபோர்டு ஐகான், ஃபிகோவிலும் அதேதான். ஆயிரம் டாலர் காருக்காக யோசித்தது, இந்திய நடுத்தரக் குடும்பத்தின் முதல் காரில் வந்து உட்கார்ந்தது.

சரி, காயில்ஓவர் மாற்றும்போது என்ன நடக்குது?

பழைய ஸ்ட்ரட் குழாயில் ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டு நிரந்தரமாக வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். அதை அறுத்தெடுத்துவிட்டு, மரை போட்ட உறை ஒன்றைக் குழாய்மேல் செருகுவார்கள். அதில் திருகி ஏற்றி இறக்கும் வளையம், அது நகராமல் பூட்ட இன்னொரு வளையம், அதன்மேல் குறுகலான, கடினமான ஸ்பிரிங். வளையத்தைத் திருகினால் வண்டியின் உயரம் மாறும். அவ்வளவுதான்.

சிக்கல் அதற்கு அப்புறம். வளையத்தை மட்டும் இறக்கினால், வண்டி தாழும்போதே ஸ்ட்ரட் தண்டு பாதி வழி உள்ளே போய்விடும். அடுத்த ஸ்பீட் பிரேக்கரில் ‘பம்ப் ஸ்டாப்’ ரப்பரில் போய் முட்டும். அதனால்தான் ஒழுங்காகச் செய்பவர்கள் குழாயையே வெட்டிக் குட்டையாக்கி, உள்ளே குட்டையான ஷாக் அப்சார்பரைப் போடுகிறார்கள். இந்த வெல்டிங் உயிர் சம்பந்தப்பட்டது. மேல் ஆர்ம் இல்லாத காரில் சக்கரத்தை நிமிர்த்திப் பிடித்திருப்பதே அந்தக் குழாய்தான். அனுபவமில்லாத கையில் கொடுக்கவே கூடாது.

இன்னொன்று, கீழ் ஆர்மின் கோணம். கம்பெனி உயரத்தில் அதன் வெளிமுனை கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். ரொம்பத் தாழ்த்தினால் வெளிமுனை மேலே ஏறிவிடும். அப்போது வளைவில் வண்டி சாயும்போது, சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்து சாலையைக் கவ்வுவதற்குப் பதில், வெளிப்பக்கம் சாயும். வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ‘ரோல் சென்டர்’, பாடி தாழ்ந்ததைவிட அதிகமாகத் தாழ்ந்துவிடும். சாய்வு குறையட்டும் என்று தாழ்த்திய வண்டி, இன்னும் அதிகமாகச் சாயவே பார்க்கும். கடின ஸ்பிரிங் அதை மறைத்து வைக்கும், சரி செய்யாது. பால் ஜாயின்ட்டுக்கும் சக்கரப் பாகத்துக்கும் நடுவே ஸ்பேசர் வைத்து ஆர்மின் கோணத்தை மீட்பதும், டை ராடை அதற்கேற்ப இறக்குவதும், வீல் அலைன்மென்ட்டும்தான் சரியான வழி.

இந்தியாவில் இருப்பவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவையும் ஒருமுறை படித்துவிடுங்க. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதற்கு அது தடை போடுகிறது.

அமெரிக்காவில் இந்த மாற்றத்துக்குப் பேர்போன கார், 1979 முதல் 1993 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங். அதன் முன்பக்கத்தில் மெக்பெர்சன் ஸ்ட்ரட்டையே ஃபோர்டு மாற்றியமைத்திருந்தது: ஸ்பிரிங்கைக் குழாயிலிருந்து பிரித்து, கீழ் ஆர்மின்மேல் தனியாக உட்கார வைத்தது. காயில்ஓவர் போடும் மஸ்டாங்காரர்கள் செய்வது, ஸ்பிரிங்கை மெக்பெர்சன் வைத்த இடத்துக்கே திருப்பிக் கொண்டுபோவதுதான். அங்கே போனதும் கணக்கு மாறும். ஆர்மின் நடுவில் இருக்கும் ஸ்பிரிங், சக்கரம் இரண்டு அங்குலம் ஏறினால் ஒரு அங்குலம்தான் அமுங்கும்; அதனால் அதன் பலத்தில் கால்வாசிதான் சக்கரத்துக்குத் தெரியும். ஸ்ட்ரட்டின்மேல் இருக்கும் ஸ்பிரிங்கோ கிட்டத்தட்ட முழு பலத்தையும் காட்டும். எனவே, பழையதைவிட மிகவும் மென்மையான ஸ்பிரிங் போதும். அதோடு, அதுவரை ஷாக் அப்சார்பரின் விசையை மட்டும் தாங்கிய டவர் உச்சி, இனி காரின் முன்பக்க எடையையும் சுமக்கணும். அங்கே இருக்கும் பழைய ரப்பர் மவுன்ட் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பேரிங்கோடு வரும் கெட்டியான மேல் தட்டு கிட்டில் இல்லையென்றால், தனியாக வாங்கிப் போட்ட பிறகே வண்டியைக் கீழே இறக்க வேண்டும்.