சுரங்கத்தில் படித்த அறிஞர்

அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கத்தில் நம் தோழன் கல்லை உடைக்கிறான். உள்ளே கடற்சங்கு கிடக்கிறது. பெரம்பலூரை அடுத்த சாத்தனூரிலோ மரமே கல்லாகிக் கிடக்கிறது. உயிர்கள் மாறி வந்தன என்பதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எப்படி மாறின என்று கணக்குப் போட்டுக் காட்டியவர்களுள் முன்வரிசையில் நின்றவர் ஜே. பி. எஸ். ஹால்டேன்.

1892இல் ஆக்ஸ்போர்டில் பிறந்தார். வசதியான குடும்பந்தான். ஆனால் தந்தை நிலக்கரிச் சுரங்கத்து விஷக்காற்றை ஆராய்ந்தவர். பிள்ளையையும் உள்ளே இறக்கினார். ஒருநாள் அங்கே நிறுத்தி ஷேக்ஸ்பியர் நாடக வசனத்தை ஒப்பிக்கச் சொன்னார். பாதியிலேயே மூச்சுத் திணறிச் சிறுவன் விழுந்தான். தரையில் நல்ல காற்று இருந்ததால் தெளிந்தான். விஷக்காற்று மேலே நிற்கும் என்ற பாடத்தை அவர் பிறகு மறக்கவேயில்லை. 1939இல் தீட்டிஸ் நீர்மூழ்கிக் கப்பலில், பட்டறைத் தொழிலாளர் பலர் உட்பட 99 பேர் மாண்டபோது தொழிற்சங்கங்கள் தேடிச் சென்றது அவரைத்தான். அடைத்த அறைக்குள் தாமே புகுந்து உட்கார்ந்து சோதித்தார்.

கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். டெய்லி ஒர்க்கர் ஏட்டில் 300க்கு மேற்பட்ட கட்டுரைகள் எழுதினார். மரபணுவையே மறுத்த லைசென்கோவுக்கு 1948இல் மாஸ்கோவில் மகுடம் சூட்டப்பட்டபோது நெடுநாள் தயங்கி, பிறகே கட்சியிலிருந்து விலகினார். அந்தத் தயக்கம் அவருக்குப் பெருமையல்ல என்பதே நம் எண்ணம்.

மத்தியதரைக் கடலோர மக்களிடையே தலசீமியா என்னும் இரத்தச்சோகை பரவிக் கிடந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்தப் பழுது வந்தால் குழந்தை பிழைப்பது அரிது. அப்படியானால் அது ஏன் அற்றுப் போகவில்லை? ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவனை மலேரியா எளிதில் கொல்வதில்லை, அதனால்தான் என்று 1940களின் இறுதியில் ஹால்டேன் சொன்னார். 1954இல் ஆப்பிரிக்காவில், அரிவாள் அணு நோயில் அதே காப்பை ஆலிசன் கண்டார். அந்த அரிவாள் அணு 1952இலேயே நம் நீலகிரி மலைமக்களிடமும் காணப்பட்டிருந்தது. இரண்டு இடங்களிலும் தனித்தனியே தோன்றியது என்கின்றனர் பலர், வாதம் முடியவில்லை. தலசீமியாவிலோ ஐயமே இல்லை. இத்தாலியில் மிகுதியாகக் காணும் பழுது வேறு, இந்தியாவில் வேறு, தாய்லாந்தில் வேறு; காப்பு மட்டும் ஒன்றே. மலேரியாக் கொசு கடித்த நாடுகளிலெல்லாம் பழுதைத் தாங்கியவன் பிழைத்தான், அவன் பிள்ளைகள் பெருகினர். கொசு குலம் கோத்திரம் பார்க்கவில்லை. இரத்தத்தில் உயர்வு தாழ்வு பேசும் சனாதனிகள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

சூயஸ் படையெடுப்பை வெறுத்து 1957இல் இந்தியா வந்தார், குடிமகனும் ஆனார். தென்னாட்டில் மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டும் வழக்கம் அவர் கவனத்தை இழுத்தது. நம் பெரம்பலூர், அரியலூர்க் கிராமங்களில் அது இன்றும் உண்டு. கணவன் மனைவி இருவருமே தலசீமியாப் பழுதைத் தாங்கியவர்களானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. ஒரே குடும்பத்தார் என்றால் அப்படி அமைவதற்கு வாய்ப்பு கூடுதல். கல்யாணத்துக்கு முன் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் தோழர்கள் இரத்தத்தையும் ஒருமுறை சோதித்துப் பார்க்கலாமே!

1964 டிசம்பர் 1இல் புவனேஸ்வரத்தில் புற்றுநோயால் மறைந்தார். உடலை எரிக்கவும் இல்லை, புதைக்கவும் இல்லை. அவர் விருப்பப்படியே, மாணவர்கள் அறுத்துப் படிக்கட்டும் என்று காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்குப் போயிற்று.