கைக்கும் கல்வி வகுத்த கன்னங்கரா

கல்வி என்றதும் ஏடும் எழுதுகோலுமே நம் நினைவிற்கு வருகின்றன. களிமண்ணும் பனையோலையும் வருவதில்லை. இலவசக் கல்வியின் தந்தையெனப் போற்றப்படும் கிறிஸ்தோபர் வில்லியம் விஜேகோன் கன்னங்கரா இவ்விரண்டையும் ஒரே பள்ளியில் இணைக்க விரும்பியவர். அவர் வாழ்வில் அதிகம் பேசப்படாத அப்பகுதியை இவ்விழா மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

அன்னார் 1884ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் அம்பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள ரன்தொம்பையிற் பிறந்தார். புலமைப்பரிசில் பெற்றுக் காலி றிச்மன்ட் கல்லூரியிற் பயின்றார். அவ்வுதவி கிட்டாத கிராமத்துப் பிள்ளைகளின் நிலையை அவர் மறந்தாரல்லர். கணித ஆசிரியராயிருந்து, 1910இற் சட்டத்தரணியானார். 1931இல் இலங்கையின் முதற் கல்வி அமைச்சராகி, 1947 வரை அப்பதவியை வகித்தார்.

அக்காலத்திற் கண்டிப் பகுதியிலுள்ள ஹந்தெஸ்ஸவின் பெயரால் வழங்கிய கிராமியக் கல்வித் திட்டத்தை அவர் ஊக்குவித்தார். தோட்டவேலை, சுகாதாரம், கைப்பணி ஆகியவற்றைச் சூழலோடு இணைத்துக் கற்பிப்பது அதன் நோக்கம். அவர் தலைமையில் அமைந்த விசேட குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கையும் அறிவு, உள்ளம், கை மூன்றும் ஒருங்கே வளரவேண்டுமென வற்புறுத்தியது.

இதன் பொருளை ஓர் எளிய ஓலைப்பெட்டி விளக்கும். பெட்டி முடையும் சிறுவன் முதலில் அதன் பயனை எண்ணுகின்றான். அதற்கேற்ப அளவு குறிக்கின்றான். ஓலையைச் சமமாக வார்ந்து முடைகின்றான். மூலை பொருந்தாவிடின் அவிழ்த்து மீண்டும் தொடங்குகின்றான். எண்ணல், அளத்தல், செய்தல், திருத்தல் என்னும் நான்கையும் அங்கே கற்றுக்கொள்கின்றான். ஆசிரியர் பிழையைச் சுட்டவேண்டியதில்லை, பெட்டியே சுட்டிவிடும்.

1945 அக்டோபர் முதலாம் நாள் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. மத்திய கல்லூரிகள் கிராமங்களில் எழுந்தன. எம் வந்தாறுமூலையும் ஒன்றைப் பெற்றது. அவ்வளாகத்திலேயே 1981இற் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. இப்பெரும்பேற்றுக்கு நாம் என்றும் கடப்பாடுடையோம்.

எனினும் ஒன்றை மறைத்தல் முறையன்று. ஆரம்பக் கல்விக்குப் பின் மாணவரைப் பிரித்து, சிலரைச் செய்முறைப் பள்ளிகளுக்கு அனுப்புமாறும் அவ்வறிக்கை கூறியது. கைவேலை எளியோர்க்குரியது என்னும் ஐயம் பெற்றோரிடத்தே வலுப்பெற அதுவும் இடமளித்தது. ஏழைப்பிள்ளைக்கு மத்திய கல்லூரியின் வாயிலைத் திறந்த ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையோ, நாளடைவிற் சிறார்தம் கையிலிருந்து களிமண்ணை விலக்கி வினாத்தாளை வைத்தது. இதில் நாமும் குற்றமற்றவரல்லேம். பரீட்சை நெருங்குகையிற் கைப்பணிப் பாடவேளையைக் கணக்கிற்கு எடுத்துக்கொண்டதுண்டு. பாதி முடைந்த பெட்டிகள் அலுமாரியிற் கிடந்து உலர்ந்தமை இன்றும் எம் நெஞ்சை உறுத்துகின்றது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலிற் கன்னங்கரா தோல்வியுற்றார். நாட்டின் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிப் பள்ளிக் கதவைத் திறந்தவரை நாடு அன்று கைவிட்டது. 1952இல் மீண்டும் அமைச்சரானபோது கல்வி அவர் கையில் இருக்கவில்லை. 1969 செப்டெம்பர் 23ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அன்னார் திறந்த கதவினூடே நாம் அனைவரும் உள்ளே வந்துவிட்டோம். அவர் வகுத்த கைக்கல்வியோ இன்னும் வாயிலிலேயே நிற்கின்றது. பழைய மாணவராகிய நாம், ஊர்தோறுமுள்ள ஆரம்பப் பள்ளிகளுக்குச் சில கருவிகளும் ஓர் அறையும் உதவுவோமாயின், அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் தக்க கைம்மாறாகும்.