கதை எழுதியவர் கண்ட வழக்கு

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லையூர்களில் பிறந்த நமக்குச் சிலப்பதிகாரம் இருவகையில் உரியது. அது தமிழ்க் காப்பியம். சேரநாட்டு இளங்கோவடிகள் பாடியது. காணாமற்போன ஒரு சிலம்புக்காக, ஆராயாத தீர்ப்பால் அயலூரான் ஒருவன் மாண்டான் என்பது அதன் கதை. அதனை நினைவூட்டும் வழக்கொன்று இருபதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் நடந்தது. அத்தீர்ப்பை எதிர்த்து நின்றவர், ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த சர் ஆர்தர் கோனன் டாயில்.

டாயில் 1859ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் எடின்பரோவில் பிறந்தார். அங்கேயே மருத்துவம் பயின்றார். நோயாளியின் நடையையும் கையையும் பார்த்தே அவன் தொழிலைச் சொல்லிவிடும் பேராசிரியர் ஜோசப் பெல் அவருடைய ஆசான். அவரை நினைத்தே ஹோம்ஸை உருவாக்கினார். முதற் கதை 1887இல் வெளிவந்தது. புகழ் உலகெங்கும் பரவியது.

கற்பனையோடு அவர் நின்றுவிடவில்லை. பம்பாயிலிருந்து இங்கிலாந்து சென்ற பார்சி ஒருவரின் மகன் ஜார்ஜ் எடல்ஜி, கால்நடையைக் குத்திக் கிழித்ததாக 1903இல் தண்டிக்கப்பட்டார். இருளில் வயல் கடந்து செல்லும் கண்பார்வையே அவருக்கில்லை என்று டாயில் எடுத்துக்காட்டினார். 1907இல் எடல்ஜிக்கு மன்னிப்புக் கிடைத்தது.

அடுத்தது கொலை வழக்கு. 1908 டிசம்பர் 21ஆம் நாள் மாலை, கிளாஸ்கோ நகரில் மரியன் கில்கிறிஸ்ட் என்ற செல்வ மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். பணிப்பெண் செய்தித்தாள் வாங்கச் சென்ற சில நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்தது. பல நகைகள் இருந்தவாறே இருக்க, ஒரு வைர அணி மட்டும் மறைந்தது. வைர அணியொன்றை அடகு வைத்திருந்த ஆஸ்கார் ஸ்லேட்டர் என்ற ஜெர்மன் யூதர்மீது ஐயம் விழுந்தது. அந்த அணியோ கொலைக்குப் பல வாரங்களுக்கு முன்பே அடகு வைக்கப்பட்டது, மூதாட்டியுடையதும் அன்று! எனினும் 1909 மே மாதம் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. குறித்த நாளுக்கு இரு நாள் முன்னர்தான் அது ஆயுட்சிறையாக மாறியது.

டாயில் 1912இல் இவ்வழக்கைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். கதவு உடைக்கப்படவில்லை; எனவே மூதாட்டியே தமக்குத் தெரிந்தவனுக்குத் திறந்திருக்கலாம். நகைகள் கிடக்கக் காகிதப் பெட்டி உடைக்கப்பட்டிருந்தது. எனவே வந்தவன் தேடியது ஏதோ பத்திரமாகலாம். இவ்வாறு அவர் வாதிட்டார். அரசு அசையவில்லை. 1914இல் ஸ்லேட்டருக்காகப் பேசிய டிரெஞ்ச் என்னும் காவல் அதிகாரி வேலையையே இழந்தார்.

1925இல் விடுதலையான கைதி ஒருவன், ஸ்லேட்டரின் சீட்டொன்றை வாயில் மறைத்து டாயிலிடம் கொண்டு சேர்த்தான். முதியவர் மீண்டும் எழுந்தார். 1927 நவம்பரில் ஸ்லேட்டர் வெளியே வந்தார். 1928 ஜூலையில் தீர்ப்பு தள்ளுபடியாயிற்று. ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகள் சிறையிற் கழிந்திருந்தன!

ஸ்லேட்டரின் சூதாட்ட வாழ்க்கையை டாயில் என்றும் மதித்ததில்லை. ஆறாயிரம் பவுன் இழப்பீடு வந்தபின் வழக்குச் செலவு குறித்து இருவருக்கும் மனக்கசப்பும் நேர்ந்தது. ஆனாலும் நல்லவனுக்கு மட்டும் உரியது நீதி என்று அவர் கருதவில்லை. 1930 ஜூலை 7ஆம் நாள் டாயில் மறைந்தார். ஹோம்ஸின் திறமையை வியக்கும் நாம், அவரைப் படைத்தவரின் இந்த நேர்மையையும் நெஞ்சிற் கொள்வோமாக.