வேலுத்தம்பி தளவாய்: புகழும் மறுமதிப்பீடும்

திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன்னே வேலுத்தம்பி தளவாய் சிலையாக நிற்கிறார். அவர் பிறந்த தலக்குளமோ 1956 நவம்பர் முதல் நாள் தொட்டுத் தமிழ்நாட்டின் எல்லைக்குள் இருக்கிறது. மலையாள நூல்கள் அவரை விடுதலை வீரராகப் போற்றுகின்றன. தமிழ் நூல்கள் கட்டபொம்மனுக்கும் மருது சகோதரர்க்கும் தரும் இடத்தில் பாதியையும் அவருக்குத் தரவில்லை. ஒருபுறம் மிகையான புகழ்ச்சி, மறுபுறம் மறதி. இவ்விரண்டுக்கும் இடையில் அந்த மனிதரின் உண்மையான உருவம் மங்கிக் கிடக்கிறது.

வேலாயுதன் என்னும் இயற்பெயர் கொண்ட அவர் 1765இல் இரணியலை அடுத்த தலக்குளத்தில், வலியவீடு என்னும் செல்வாக்குள்ள குடும்பத்தில் பிறந்தார். தம்பி என்பதும் செண்பகராமன் என்பதும் வேணாட்டு அரசமரபு அக்குடும்பத்துக்கு அளித்த சிறப்புப் பட்டங்கள். இளமையிலேயே இரணியலில் காரியக்காரர் என்னும் வருவாய் அதிகாரியானார். அக்காலத்தில் திருவிதாங்கூர் தளர்ந்திருந்தது. திப்புவின் படையெடுப்பு கருவூலத்தை வறளச் செய்திருந்தது. 1798இல் தர்மராஜா மறைந்தபின் அரியணை ஏறிய பாலராமவர்மாவுக்கு வயது பதினாறே. அடுத்த ஆண்டு, பட்டறிவு மிக்க திவான் ராஜா கேசவதாசும் மறைந்தார். ஜெயந்தன் சங்கரன் நம்பூதிரியும், சங்கரநாராயணன் செட்டியும், மாத்துத் தரகனும் ஆட்சியைத் தம் கைக்குள் கொண்டுவந்தனர். வசதியுள்ளோர் இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று பட்டியல் எழுதி ஆள் அனுப்பினர். கட்ட மறுத்தோரைத் துன்புறுத்தினர். இரணியல் காரியக்காரரிடமும் பெருந்தொகை கேட்கப்பட்டது. அவர் தவணை பெற்று ஊர் திரும்பினார். பணத்தோடு அல்ல, மக்கள் திரளோடு தலைநகர் சென்றார்.

1799இல் நிகழ்ந்த அந்தக் கிளர்ச்சியே வேலுத்தம்பியின் வாழ்வில் மாசற்ற பக்கம். அநியாய வரிக்கு எதிராக ஊர்கூடி நிற்கும் வழக்கம் நாஞ்சில் நாட்டாருக்குப் பழையது. அந்த வழக்கத்துக்கு அவர் தலைமை தந்தார். அரசர் இணங்கினார், மூவரும் பதவி இழந்தனர். நம்பூதிரி நாடுகடத்தப்பட்டார், மற்ற இருவரும் கசையடி பட்டுக் காதறுபட்டுச் சிறை சென்றனர். வெற்றியோடு சேர்ந்தே கடுமையும் அவர் பெயரில் ஒட்டிக்கொண்டது.

வணிகப் பொறுப்பில் அமர்ந்து, சில ஆண்டுகளுக்குள் தளவாயாக உயர்ந்த அவரின் ஆட்சி, திறமையும் கொடுமையும் கலந்தது. நிலங்களை அளந்து பதிவுசெய்யச் செய்தார். வருவாய்க் கணக்குகளை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். சங்ஙனாசேரியில் சந்தை அமைத்தார். ஊர் ஊராகச் சென்று வழக்குக் கேட்டு அங்கேயே தீர்ப்பளித்தார். கையூட்டு வாங்கிய கணக்கர்கள் அவர் பெயரைக் கேட்டே நடுங்கினர். ஆனால் அந்தத் தீர்ப்புகளில் காதையும் மூக்கையும் அறுப்பதும், ஆணியடித்துக் கொல்வதும் அடங்கும். அவரைப் புகழும் வரலாற்றாசிரியர்கள் கூட இதை மறைக்கவில்லை. நேர்மையான அதிகாரி என்பதாலேயே ஒருவர் இரக்கமுள்ளவராகிவிடுவதில்லை என்பதற்கு அவர் ஆட்சி சான்று.

அவர் வாழ்வின் திருப்புமுனை 1804. செலவைக் குறைக்கும்பொருட்டு நாயர் படையினரின் படியை அவர் வெட்ட முனைந்தார். ஆலப்புழையில் படை கிளர்ந்தெழுந்து, தளவாயை நீக்கும்படி அரசரிடம் கோரியது. ஐந்தாண்டுகளுக்கு முன் தாம் செய்ததையே அப்போது பிறர் தமக்கு எதிராகச் செய்யக் கண்டார் வேலுத்தம்பி. அவர் கொச்சிக்கு ஓடி, கம்பெனியின் ரெசிடெண்டான காலின் மெக்காலேயிடம் அடைக்கலம் புகுந்து, ஆங்கிலேயர் துணையோடு கிளர்ச்சியை அடக்கினார். தலைவர்களுள் ஒருவரான கிருஷ்ண பிள்ளை இரண்டு யானைகளின் கால்களில் கட்டப்பட்டுக் கிழித்துக் கொல்லப்பட்டார்.

இரவல் வாங்கிய அந்தத் துப்பாக்கிக்கு விலை உடனே வந்தது. 1805 ஜனவரியில் கையெழுத்தான உடன்படிக்கை, நாடு கம்பெனிக்குக் கட்டவேண்டிய தொகையை ஆண்டுக்கு எட்டு இலட்சமாக, அதாவது இரட்டிப்பாக, உயர்த்தியது. தேவைப்பட்டால் உள்நாட்டு ஆட்சியில் தலையிடும் உரிமையையும் கம்பெனிக்கு வழங்கியது. நாட்டின் இறையாண்மையைக் காக்கப் பின்னாளில் உயிர்விட்டவரே அதை இழக்கும் ஆவணத்துக்கும் துணைநின்றார். இதைச் சொல்லாமல் அவரைப் போற்றுவது முழுமையான போற்றுதல் ஆகாது. இதை மட்டும் சொல்லி நிறுத்துவதும் நியாயமாகாது.

பாக்கித்தொகைக்காக மெக்காலே நெருக்கத் தொடங்கியபோது, தாம் யாரை நம்பினோம் என்பது தளவாய்க்குப் புரிந்தது. கொச்சி அமைச்சர் பாலியத்தச்சனோடு உடன்பாடு கண்டார். 1808 டிசம்பர் 28ஆம் நாள் இரவு கொச்சியில் மெக்காலேயின் மாளிகை தாக்கப்பட்டது, அவர் தப்பினார். 1809 ஜனவரி 11ஆம் நாள் குண்டறையிலிருந்து வேலுத்தம்பி நாட்டு மக்களுக்கு விடுத்த அறிக்கையே அவர் புகழின் அடித்தளம். அந்நிய வணிகக் கூட்டம் நாட்டையே விழுங்க வந்திருக்கிறது என்பதை அது தெளிவாக எடுத்துரைத்தது. அதே அறிக்கை, வருண ஒழுங்கு குலையும், கோயில்களின் முறை கெடும் என்ற அச்சத்தையும் தன் வலிமையாகக் கொண்டது. அந்த ஒழுங்கின் கீழே நசுங்கிக் கிடந்தவர்களுக்கு அது காக்கத்தக்க ஒன்றா என்ற கேள்வி அதில் எழவேயில்லை.

கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் அன்று வாழ்ந்தவர்களுள் தலைவரி கட்டியவர்கள் இருந்தனர். மேலாடை மறுக்கப்பட்ட பெண்கள் இருந்தனர். நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகள் இருந்தனர். தலைவரி 1815இல் நீங்கியது. அடிமை முறை 1855இல் ஒழிந்தது. மேலாடை உரிமை நெடிய போராட்டத்துக்குப் பின் 1859இல் கிட்டியது. கம்பெனி கருணையால் வந்ததன்று. கணக்குப் பார்த்தே வந்தது. எனினும் நாட்டின் விடுதலை வேறு, நாட்டுக்குள் மனிதரின் விடுதலை வேறு என்பதை இந்த ஆண்டுகள் காட்டுகின்றன. முதலாவதற்காகத் தளவாய் உயிரையே கொடுத்தார். இரண்டாவது அவர் கண்ணுக்கு எட்டவில்லை.

போர் நெடுநாள் நீடிக்கவில்லை. கொல்லத்தில் அவர் படை தோற்றது. புறக்காட்டில் சிறைப்பட்ட முப்பதுக்கும் மேற்பட்ட ஆங்கிலச் சிப்பாய்கள் நீரில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டது அவர் தரப்புக்கு நீங்காத களங்கமாயிற்று. பிப்ரவரி 10ஆம் நாள் கர்னல் செயின்ட் லெஜரின் படை ஆரல்வாய்மொழிக் கோட்டையைக் கைப்பற்றியது. இரவில் மலையேறி வழி திறந்த மேஜர் வெல்ஷ், 1801இல் மருது சகோதரர்க்கு எதிரான போரிலும் பங்கெடுத்தவர். கட்டபொம்மன், மருதுவர், பழசி அரசர் ஆகியோரை வரிசையாக வீழ்த்திவந்த படைதான் நாஞ்சில் நாட்டுக்குள்ளும் நுழைந்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் வீழ்ந்தன.

பழி முழுவதும் தம்மீதே விழட்டும், அரசர் தப்பட்டும் என்று வேலுத்தம்பி தலைநகரை விட்டு விலகினார். எந்த அரசருக்காகப் போரிட்டாரோ அந்த அரசரின் ஆட்களே அவரைத் தேடினர். தலைக்கு ஐம்பதாயிரம் ரூபாய் பரிசு அறிவிக்கப்பட்டது. மண்ணடி பகவதி கோயிலில் சூழப்பட்டபோது, பிடிபடாமல் உயிரை முடித்துக்கொண்டார். உடலைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுசென்று கண்ணம்மூலையில் தொங்கவிட்டனர். இறந்தவரை இவ்வாறு இழிவுசெய்ததைக் கவர்னர் ஜெனரல் மின்டோ பிரபுவே கண்டித்தார். தம்பி பத்மநாபன் கொல்லத்தில் தூக்கிலிடப்பட்டார். தலக்குளத்து வீடு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது.

அவருடைய வாள் என்று போற்றப்படுவது கிளிமானூர் அரண்மனையில் காக்கப்பட்டு, 1957இல் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத்திடம் அளிக்கப்பட்டது. தில்லியில் நெடுங்காலம் இருந்தபின் 2010இல் திருவனந்தபுரம் திரும்பியது. அதே ஆண்டில் அஞ்சல்தலையும் வெளிவந்தது. ஆனால் வாள் மட்டும் ஒரு மனிதரின் முழு வரலாற்றைச் சொல்லாது.

மக்களைத் திரட்டி ஆட்சிக்கு வந்தவர், மக்களுள் ஒரு பகுதியினர் திரண்டபோது அந்நியரை அழைத்தார். அழைத்த தவறை உணர்ந்தபோது, அதற்கு ஈடாகத் தம் உயிரையே வைத்தார். அந்த உணர்தலே அவரைப் பெரியவராக்குகிறது. தவறே செய்யாதவர் என்ற கற்பனை அன்று. குழித்துறை ஆற்றங்கரையில் எழுதும் கவிஞர் அவரைப் பாட முற்பட்டால், குண்டறை அறிக்கையோடு, கிருஷ்ண பிள்ளையின் சாவுக்கும் மேலாடைக்குப் போராடிய பெண்களுக்கும் அப்பாட்டில் இடமிருக்க வேண்டும். அவ்வளவையும் தாங்கிய பின்னும் வேலுத்தம்பியின் பெயர் நிற்கும். அத்தனை வலிமை அந்த இறுதி நாட்களுக்கு உண்டு.